கிழக்கே பார்த்த கம்பி

“நீ சொல்லு புள்ள, பலம் எங்க இருந்து வாறது?” என்று நல்லரத்தினம் மாமா ஒருநாள் என்னிடம் கேட்டார்.

நான் வழக்கம்போலக் குனிந்து என் கால்விரல்களைப் பார்த்தேன். அவரும் என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கேள்வி என் தலைக்கு மேலால் பறந்து, எனக்குப் பின்னால் மாமரத்தடியில் லெப்டொப்பை மடியில் வைத்திருந்த அவருடைய மருமகன் சிவதர்ஷனிடம் போய்ச் சேர்ந்தது.

“மேனுகா, மாமாட்டச் சொல்லு,” என்றார் சிவதர்ஷன் அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “பலம் நரம்பில இருந்து வாறது. தசை பிறகுதான். முதல்ல மூளை நரம்புக்குச் சொல்லோணும், நரம்பு தசைக்குச் சொல்லோணும்.”

“மேனுகா, மருமகனிட்டச் சொல்லு. நான் முப்பது வருசமாக் கரைவலை இழுக்கன். எண்ட மூளை ஒருநாளும் எண்ட முதுகிட்ட ஒண்டும் சொன்னதில்ல.”

இரண்டு பேருக்கும் இடையில் பத்தடி தூரம்கூட இல்லை. ஒருவர் சொன்னது மற்றவருக்கு நன்றாகக் கேட்கும். ஆனாலும் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் வாதாடுவது மரியாதை இல்லை என்பதால் நடுவில் ஓர் ஆள் தேவைப்பட்டது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்ட பக்கத்து வளவுப் பெண் அதற்கு மிகவும் தோதானவள். வாயே திறக்காமல் நான் அந்த வீட்டின் தூதுவராக இருந்தேன்.

எங்கள் பெரியகல்லாறு ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் ஊர். நல்லரத்தினம் மாமாவின் வளவு வாவிப் பக்கம். பெரிய கல்வீடு மகள் தக்ஷாயினி அக்காவுக்குச் சீதனமாக எழுதப்பட்டதும், மாமாவும் சீதேவிப்பிள்ளை மாமியும் பின்வளவுக் கொட்டிலுக்கு மாறிவிட்டார்கள். மாப்பிள்ளை களுதாவளையிலிருந்து பெண் வீட்டுக்கு வந்தார். இங்கே அதுதான் வழக்கம். நல்லரத்தினம் மாமாவும் ஒரு காலத்தில் இதே வளவுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்தான். “நான் வரச்செல்ல ரெண்டு கையும் ஒரு முதுகும் கொண்டு வந்தன். இவர் ஒரு டிப்ளோமாவும் ஒரு சார்ஜரும் கொண்டு வந்திரிக்கார்,” என்று மாமா கடற்கரையில் சொல்லிச் சிரிப்பார். அது ஊர் முழுக்கப் பரவி, மருமகனுக்கு ‘டிப்ளோமா’ என்றே பெயர் நின்றுவிட்டது. விளையாட்டு விஞ்ஞான டிப்ளோமா. பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர்.

தக்ஷாயினி அக்கா பாரம் தூக்குகிறவர். வலுத்தூக்கல் போட்டி என்றால் மூன்று வகை: கம்பியைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புவது, படுத்துக்கொண்டு தள்ளுவது, நிலத்தில் கிடப்பதை நிமிர்ந்து தூக்குவது. ஒவ்வொன்றுக்கும் மூன்று தவணை. ஒரு வகையில் மூன்று தவணையும் தவறினால் மற்ற இரண்டும் கணக்கில் இல்லை. ஆள் போட்டியிலேயே இல்லை. போன வருடம் மாவட்டப் போட்டியில் அக்காவுக்கு அதுதான் நடந்தது. நிலத்திலிருந்து தூக்குவதில் மூன்றும் போயிற்று. அன்று கூடப் போனவர் மாமா மட்டும்தான். மகளுக்கு அவர் கொடுத்த பயிற்சி முழுவதும் ஒரே வசனம்: “பிடிச்சா விடாத மனே.”

அந்தப் போட்டியில் மேசையில் இருந்து புள்ளி பதிந்தவர் சிவதர்ஷன் அண்ணன். அக்கா அழுதுகொண்டு வெளியே வந்தபோது, மடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். பஸ்ஸில் வந்து பயந்து பயந்து பிரித்தால், காதல் ஒன்றும் இல்லை. அக்காவின் முழங்கால் எத்தனை பாகையில் மடிந்தது, இடுப்பு எந்த நேரத்தில் முந்தியது என்று படம் போட்டு விளக்கம். “என்னை இவ்வளவு கவனமா ஆரும் பாத்ததில்ல மேனுகா,” என்று அக்கா என்னிடம் சொன்னார். அடுத்த ஆனியில் கலியாணம்.

ஆக, அந்த வீட்டில் பலத்துக்கு இரண்டு வாத்தியார்கள். படிப்பது ஒரே ஆள்.

குந்துவதற்கும் தள்ளுவதற்கும் அக்கா களுவாஞ்சிக்குடியில் ஒரு ஜிம்முக்குப் போவார். தூக்குவதற்கு மட்டும் அங்கே இடமில்லை. இரும்பு விழுந்து தரைக்கல் வெடிக்கிறது என்று முதலாளி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதனால் ஆவணிக் கடைசியில் வீட்டு வளவு மணலிலேயே ஒரு கம்பி செய்தார்கள். மாமா பழைய அரிசி ஆலையில் இருந்து ஓர் இரும்புக் குழாய் கொண்டுவந்தார். இரண்டு பெயின்ட் வாளிகளுக்குள் குழாயின் இரண்டு முனைகளையும் விட்டு, சீமெந்து வார்த்து இறுக்கினார். வாளியின் கொள்ளளவை வைத்து சிவதர்ஷன் அண்ணன் கணக்குப் போட்டு, “ஒரு பக்கம் இருபத்தஞ்சு கிலோ,” என்று வெள்ளைப் பெயின்டால் இரண்டிலும் எழுதினார். மாமா ஒவ்வொன்றையும் காலால் உருட்டிப் பார்த்துவிட்டு, “முப்பது,” என்றார். எழுதவில்லை. அவர் ஒன்றையும் எழுதுவதில்லை.

கம்பியைப் பழைய தோணிப் பலகை இரண்டின் மேல் படுக்க வைத்தார்கள். போட்டியில் தூக்குவதில் பாதிதான் அது; அக்கா ஒரே மூச்சில் பத்து, பன்னிரண்டு தரம் தூக்கிப் பழகுவார். நல்ல காரியம் எதுவும் கிழக்கே பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்று மாமா மகளைக் கிழக்கு முகமாக நிற்க வைத்தார். காலை வெளிச்சம் முகத்தில் விழுந்தால் வீடியோ தெளிவாக இருக்கும் என்று மருமகனும் அதை ஏற்றுக்கொண்டார். அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். வீடியோ எடுக்கும் வேலை எனக்கு. கை நடுங்காது, வாய் பேசாது என்று சிவதர்ஷன் அண்ணனே என்னைத் தெரிவுசெய்தார்.

சாப்பாட்டு விஷயம் வேறு. காலையில் கொட்டிலில் இருந்து மாமா ஒரு கோப்பை பழஞ்சோறும் எருமைத் தயிரும் கூனி இறால் சுண்டலும் கொண்டுவருவார். கல்வீட்டுக் குசினியில் இருந்து அண்ணன் அவித்த முட்டையின் வெள்ளையும் தோல் நீக்கிய கோழியும் கொண்டுவருவார். சீதேவி மாமி இரண்டையும் தானே சமைத்துவிட்டு நடுவில் நின்று புலம்புவார்.

“உப்பும் இல்ல, புளியும் இல்ல. செத்த கோழிக்கும் ஒரு மரியாதை இல்லையாகா? மேனுகா, இஞ்ச வா, இந்த மஞ்சக்கருவ நீ தின்னு. எறிய மனசு வருகுதில்ல.”

அந்த வருடம் அந்த வீட்டில் நன்றாகக் கொழுத்தது நான் ஒருத்திதான்.

அக்கா இரண்டையும் சாப்பிட்டார். இரண்டு பேர் சொன்னதையும் செய்தார். ஆனால் கம்பி வந்த நாளிலிருந்தே ஒரு தொல்லை தொடங்கியது. கம்பி நிலத்தை விட்டு எழும்பும்போது இடப்பக்கம் கீழே இழுத்தது. வலப்பக்கம் முதலில் எழும்பும்; இடப்பக்கம் மனமில்லாமல் பின்னால் வரும். அக்காவின் உடம்பு முறுகும்.

சிவதர்ஷன் அண்ணன் என் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். கோடு போட்டார். “சமச்சீர் இல்ல,” என்றார். “இடப்பக்க முதுகுத் தசை வலப்பக்கத்தை விடப் பலவீனம். உலகத்தில எல்லாருக்கும் இரிக்கிற விஷயந்தான். திருத்தலாம்.” இடது கைக்கு மட்டும் தனியாக நாலு விதப் பயிற்சி எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினார்.

மாமா அதைப் படிக்கவில்லை. “மேனுகா, மருமகனிட்டச் சொல்லு. இது தசையில்ல, வாயு. சின்னனில இவ குடத்த வலது இடுப்பிலதான் வைப்பா. அதால இடப்பக்கம் சும்மா இருந்து பழகிட்டு. சும்மா இரிக்கிற இடத்திலதான் வாயு பிடிக்கும்.” சுறா எண்ணெயும் வேறென்னவோ எண்ணெயும் காய்ச்சி எடுத்துவந்து, மாமியிடம் கொடுத்து மகளின் இடது முதுகில் தேய்க்கச் சொன்னார். அக்கா நடந்து போனால் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பூனைகள் எல்லாம் பின்னால் போகும்.

மூன்று மாதம் இப்படிப் போனது. பயிற்சியும் குறையவில்லை, எண்ணெயும் குறையவில்லை, இழுப்பும் குறையவில்லை. ஒருநாள் பின்னேரம் வாவிக்கரையில் கால் நனைத்துக்கொண்டு இருக்கும்போது அக்கா சொன்னார்:

“இந்த முறையும் கம்பி கீழ விழுந்தா நான் இனித் தொட மாட்டன் மேனுகா. ஆருக்கும் சொல்லாத.”

நான் யாருக்குச் சொல்லப்போகிறேன்?

“அப்பாவுக்கு நான் எண்டா அவர்ர முதுகு. இவருக்கு நான் எண்டா அவர்ர படிப்பு. நான் தோத்தா ரெண்டு பேரும் மற்றவர்ர பிழை எண்டு சொல்லிட்டுப் போயிருவாங்க. எண்ட உடம்பு கோணல் எண்டது மட்டும் எனக்கு மிஞ்சும்.”

தண்ணீரில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. அதற்குச் சமச்சீர் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

மார்கழியில் மாரி இறங்கியது. வாவி பெருகி வளவின் தாழ்ந்த பக்கத்துக்குள் வந்தது. போட்டிக்கு இரண்டு கிழமை இருந்தது. ஒரு காலை மழை விட்ட நேரம் பார்த்து அக்கா கம்பிக்குப் போனால், வழக்கமாக நிற்கும் பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர்.

“அங்கால பக்கம் நிண்டு தூக்கு மனே,” என்றார் மாமா. “மழைக்கெண்டா மேற்குப் பாத்தாலும் குத்தமில்ல.”

அக்கா கம்பிக்கு மறுபக்கம் போய், முதல் தடவையாக மேற்கே பார்த்து நின்றார். குனிந்தார். இழுத்தார். நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு மாதிரிப் பார்வை.

“அப்பா, இண்டைக்கு வலப்பக்கம் இழுக்குது.”

 மாமரத்தில் இருந்து தண்ணீர் சொட்டியது.

“அது நல்ல அறிகுறி,” என்றார் சிவதர்ஷன் அண்ணன் முதலில். “இடப்பக்கப் பயிற்சி வேலை செஞ்சிட்டு. இடப்பக்கம் பலமாகி, இப்ப வலப்பக்கத்த மிஞ்சிட்டு. நான் எதிர்பாத்ததுதான். இனி வலப்பக்கத்துக்கு எழுதோணும்.”

“மேனுகா, மருமகனிட்டச் சொல்லு,” என்றார் மாமா. “எண்ணெய் வாயுவ அந்தப் பக்கத்தால கலைச்சிட்டு. அது இப்ப இந்தப் பக்கம் வந்து நிக்கிது. ரெண்டு நாள் இஞ்சாலயும் தேய்ச்சா வெளிய போயிரும்.”

அக்கா கம்பியைப் பார்த்தார். பிறகு கம்பியைச் சுற்றிப் போய், தண்ணீருக்குள் இறங்கி நின்று, கிழக்கே பார்த்து ஒருதரம் தூக்கினார். இடப்பக்கம் இழுத்தது. மறுபடி சுற்றி வந்து மேற்கே பார்த்துத் தூக்கினார். வலப்பக்கம். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டினார். அந்த நேரம் ஒழுங்கையில் பாறூக் காக்காவின் மோட்டார் சைக்கிள் சத்தம். காத்தான்குடியில் இருந்து வந்து எங்கள் கரையில் மீன் எடுக்கும் யாவாரி அவர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். அக்கா நேரே வேலிக்குப் போனார்.

“காக்கா, ஒங்கட தராசு ஒருக்காத் தாங்களன்.”

“என்ன தங்கச்சி, மீன் ஏதும் பட்டதா வளவுக்குள்ள? இந்த வெள்ளத்துக்குப் பட்டாலும் படும்.”

“மீனில்ல. கம்பி.”

பாறூக் காக்கா கொக்கித் தராசோடு உள்ளே வந்தார். மாமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, கம்பியின் ஒரு முனையைத் தூக்கிக் கொளுவினார்கள். பிறகு மற்ற முனையை. குழாயின் பாதி நிறையைக் கழித்து அண்ணன் விரலால் காற்றில் கணக்குப் போட்டார். தெற்கு வாளி இருபத்தைந்து. வடக்கு வாளி முப்பத்தொன்று.

“அல்லாவே,” என்றார் காக்கா. “நல்லண்ணன், இப்பிடித் தராசு வச்சா என்னைக் கரையில கட்டி வச்சு அடிச்சிருப்பீங்க.”

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் தலையைச் சொறிந்தார். வடக்கு வாளி வார்க்கும்போது சீமெந்து போதவில்லையாம். கடைக்கு யார் போவது என்று, கிழிந்த வலையில் கிடந்த ஈயக் குண்டுகளை அள்ளிப் போட்டு மட்டத்தை நிரப்பிவிட்டாராம்.

“ஈயமா?” என்றார் அண்ணன். முதல் தடவையாக நேரே மாமாவைப் பார்த்துக் கேட்டார். “மாமா, ஈயத்திண்ட அடர்த்தி என்ன தெரியுமா?”

“எனக்குத் தெரியாது மருமகன். அது தாழும் எண்டு தெரியும். அதுக்குத்தான் வலையில கட்டுற.”

“ஆறு கிலோ வித்தியாசம்! ஒங்கட கைக்குத் தெரியலையா? முப்பது வருசக் கை!”

“ஒங்கட கணக்குக்குத் தெரியலையா? மூண்டு மாசமாக் கோடு போட்டீங்களே!”

இந்த இடத்தில் அண்ணன் லெப்டொப்பைத் திறந்தார். சரியான நிறையைப் பதிந்ததும் எல்லா எண்களும் மாறின. அவர் முகம் மலர்ந்தது. “தக்ஷா, இரண்டு பக்கமும் சேத்து அம்பது எண்டுதான் நான் போட்டிருந்த. அம்பத்தாறு! நீ நேத்தைய விட ஆறு கிலோ பலமாகிட்டாய்!”

மாமாவின் முகம் விழுந்தது. “நான் அறுவது எண்டல்லோ நினைச்சிருந்த. நாலு கிலோ குறைஞ்சிட்டியே மனே.”

ஒரே பெண், அதே இடத்தில், அதே ஈரச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். ஒருவருக்கு வளர்ந்திருந்தார், மற்றவருக்குத் தேய்ந்திருந்தார்.

அக்கா மெல்லச் சொன்னார்: “இவ்வளவு நாளும் எண்ட உடம்புதான் பழுதெண்டு நினைச்சன்.”

அதை இரண்டு பேரும் கேட்கவில்லை. மாமி கேட்டார். வந்து மகளின் தோளில் ஒட்டியிருந்த மாமர இலையை எடுத்துவிட்டு உள்ளே போனார்.

இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்த இரண்டு பேரும் அன்றிலிருந்து என் மூலமாகக்கூடப் பேசிக்கொள்வதில்லை. அதனால் வந்தது அடுத்த வினை.

மறுநாள் விடிய, பள்ளிக்கூடம் போவதற்கு முன், சிவதர்ஷன் அண்ணன் ஒரு சீலைப் பைக்குள் ஆறு கிலோ மணலை நிறுத்துக் கொட்டி, தெற்கு வாளியோடு இறுக்கிக் கட்டினார். மழையில் நனையாமல் சாக்கினால் சுற்றினார். இப்போது இரண்டு பக்கமும் சமன். திருப்தியோடு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்.

பத்து மணிபோல் மாமா கடற்கரையில் இருந்து வந்தார். உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வடக்கு வாளியின் முன்னால் குந்தினார். சீமெந்தைக் கொத்திக் கொத்தி ஈயக் குண்டுகளைக் கிளறி எடுத்தார். பாறூக் காக்காவிடம் தராசை வாங்கி, எடுத்ததை நிறுத்தும் பார்த்தார். ஆறு கிலோ. இந்த முறை கையை நம்பவில்லை என்று பெருமையாகச் சொன்னார். மறுமுனையில் சாக்கு சுற்றியிருந்ததைக் கண்டாராம். மருமகன் சீமெந்துக்குச் சளித் தடிமன் பிடிக்காமல் போர்த்தியிருக்கிறார் என்று நினைத்தாராம்.

எனக்கு இரண்டும் தெரியும். வேலிக்கு இங்கால் நின்று இரண்டையும் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் உளியோடு நிற்கும் ஒரு மனிதரிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

பின்னேரம் அக்கா கிழக்கே பார்த்து நின்று தூக்கினார். கம்பியை நிலத்தில் வைத்தார். இடுப்பில் கை வைத்தார்.

“இப்ப வலப்பக்கம்.”

இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சாக்கைப் பார்த்தார்கள். பிறகு உளி கொத்திய பள்ளத்தைப் பார்த்தார்கள்.

“மேனுகா…” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள்.

“அந்தப் புள்ளைய விடுங்க!” என்று மாமி அடுப்படியில் இருந்து அகப்பையோடு வந்தார். “ஒரு பொம்புளட முதுகில ரெண்டு ஆம்புளயள் ஏறி நிண்டு சண்டை புடிக்கிறீங்க. அவ தூக்குற பாரம் கம்பியில இல்ல, அந்தா நிக்கிது ரெண்டும்! இண்டையில இருந்து இந்த வளவுக்குள்ள ஒரே சட்டி. உப்புப் போட்ட கோழி. தின்னுறவங்க தின்னுங்க.”

அக்கா அதற்குப் பிறகு கம்பியைத் தொடவில்லை. போட்டி வரைக்கும் வெறுமனே இருந்தார். மாமிக்கு மா இடித்துக் கொடுத்தார், என்னோடு வாவிக்கரைக்கு வந்தார், மத்தியானத்தில் நித்திரை கொண்டார். போட்டிக்கு முன் ஓய்வு என்பது தன் திட்டத்தில் ஏற்கெனவே இருந்தது என்று அண்ணன் சொன்னார். வாடைக் காலத்தில் தோணியைக் கரையில் ஏற்றி வைப்பது தான் முப்பது வருடமாகச் செய்வது என்று மாமா சொன்னார். ஓய்வெடுத்தவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

தை பிறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு நகரத்தில் போட்டி. ஒரு பெரிய மண்டபம். நாங்கள் ஐந்து பேரும் போனோம். மாமி சாப்பாட்டுப் பொதியோடு பின்வரிசையில் இருந்தார். மேடைக்குப் பக்கத்தில் ஒருவருக்குத்தான் நிற்க அனுமதி. மருமகன் ஆசிரியர் அட்டையைக் காட்டி உள்ளே போனார், மாமா தண்ணீர்ப் போத்தலைக் காட்டி உள்ளே போனார். வீடியோ எடுக்க வேண்டும் என்று அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

முதல் இரண்டு வகையும் நல்லபடியாக முடிந்தன. பிறகு தூக்குவதற்கு எந்த நிறையில் தொடங்குவது என்று மேசையில் சொல்ல வேண்டும். “நூற்றஞ்சு,” என்றார் அண்ணன். “நூற்றிருவது,” என்றார் மாமா. மேசையில் இருந்த பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா இடையில் புகுந்து, “நூற்றிப் பத்து எழுதுங்க,” என்றார்.

முதல் தவணை. மேடையில் பளபளவென்று உண்மையான கம்பி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரும்புத் தட்டுகள். அக்கா குனிந்து பிடித்தார். இழுத்தார். இல்லாத ஒரு பாரத்துக்காக அவருடைய இடது தோள் முன்கூட்டியே இறங்கி எழும்பியது. இடப்பக்கம் துள்ளிக்கொண்டு மேலே வந்தது, வலது கையில் இருந்து கம்பி வழுகியது. தடால். சிவப்பு விளக்குகள்.

“கண்டயா, பழகிப்போச்சு!” என்றார் அண்ணன். “கோணலுக்குப் பழகிப்போச்சு. தக்ஷா, வலப்பக்கம் கூடக் கவனம் வை!”

“அவள இன்னும் குழப்பாதீங்க! மனே, இடப்பக்கத்த அமத்திப் பிடி!”

இரண்டாம் தவணை. அக்கா இரண்டு பேர் சொன்னதையும் செய்தார். உடம்பின் ஒரு பாதி களுதாவளைப் பக்கமும் மறுபாதி கடற்கரைப் பக்கமும் இழுத்தது. கம்பி முழங்காலில் வந்து நின்று நடுங்கியது. அங்கிருந்து திரும்பிப் போனது. மறுபடி சிவப்பு.

இனி ஒன்றுதான்.

அக்கா கதிரையில் வந்து இருந்தார். கையில் இருந்த வெள்ளைத் தூள் தொடையெல்லாம் ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது.  அவருக்குப் பின்னால் இரண்டு பேரும் தொடங்கிவிட்டார்கள். இந்த முறை என்னைக்கூடக் கூப்பிடவில்லை. நேருக்கு நேர், மூக்குக்கு மூக்கு.

“ஈயத்தப் போட்டது ஆரு?”

“இருவத்தஞ்செண்டு வெள்ளைப் பெயின்டால எழுதினது ஆரு?”

“நான் மண் கட்டினதப் பாத்துட்டுத்தானே கொத்தினீங்க!”

“சாக்குச் சுத்தி மறைச்சா எனக்கென்ன ஞானக் கண்ணா இரிக்கி?”

அக்கா என் பக்கம் திரும்பி, “போனத் தா,” என்றார். நான் எடுத்ததைப் போட்டுக் காட்டினேன். அவர் இரண்டாம் தவணையைப் பார்த்தார். சத்தத்தை நிறுத்திவிட்டு இன்னொருதரம் பார்த்தார்.

“கம்பி நேராத்தான் இரிக்கி,” என்றார், தனக்குத்தானே. “பாரு. அது பாவம், நேராத்தான் கிடக்கு.”

பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார்.

மேடையில் அவர் உடனே குனியவில்லை. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். வீட்டில் மா இடித்து முடித்து நிமிர்ந்து நிற்பாரே, அப்படி. இரண்டு கையையும் உதறினார். பிறகு அவசரமில்லாமல் குனிந்து, கம்பியைப் பிடித்தார். தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. கம்பி நிலத்தை விட்டது. மெதுவாக, மிகவும் மெதுவாக, முழங்காலைத் தாண்டியது. மண்டபத்தில் யாரோ “விடாத!” என்று கத்தினார்கள். அது மாமி. அக்கா நிமிர்ந்தார். நின்றார். கம்பி ஓர் அலுமாரித் தட்டுப்போல் நேராக இருந்தது. நடுவர் கையை இறக்கினார். அக்கா அதை நிலத்தில் ஒரு பிள்ளையைக் கிடத்துவதுபோல் வைத்தார்.

விளக்கு வெள்ளை. வெள்ளை. வெள்ளை.

மண்டபம் கைதட்டியது. அந்தச் சத்தத்தில்தான் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மருமகனின் சுட்டுவிரல் இன்னும் மாமாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டியபடி இருந்தது.

“என்ன?” என்றார் மாமா. “தூக்கிட்டாளா?”

“எப்ப?” என்றார் அண்ணன். “எப்பிடித் தூக்கினவ? முதல்ல எந்தப் பக்கம் எழும்பினது? மேனுகா, வீடியோ, வீடியோவக் காட்டு!”

நான் போனை நீட்டினேன். அவர் தட்டினார். திரையில் என் செருப்பும் மண்டபத்துத் தரையும் தெரிந்தன. கை நடுங்காத பெண் அந்த நேரம் பார்த்துப் போனைக் கீழே இறக்கிவிட்டிருக்கிறாள். படம் இல்லாவிட்டாலும் சத்தம் நன்றாகப் பதிந்திருந்தது. “ஈயத்தப் போட்டது ஆரு?” என்று போன் கேட்டது. “வெள்ளைப் பெயின்டால எழுதினது ஆரு?” என்று போனே பதில் சொன்னது.

மைக்கில் பெயர் வாசித்தார்கள். மாகாண அணிக்குத் தெரிவானவர்கள் மூன்று பேர். இரண்டாவது பெயர், நல்லரத்தினம் தக்ஷாயினி, பெரியகல்லாறு.

மாமா கண்ணைத் துடைத்தார். “நான் அப்பவே சொன்ன, பிடிச்சா விட மாட்டாள் எண்டு. எண்ட முதுகு.”

“மாமா, அது முதுகில்ல. நரம்பு. ரெண்டு கிழமை ஓய்வு குடுத்ததால நரம்பு பழைய பழக்கத்த மறந்து…”

“ஓய்வு நான் குடுத்தது!”

“திட்டத்தில இருந்தது!”

அக்கா படியிறங்கி வந்தார். மூச்சு இன்னும் அடங்கவில்லை. கையெல்லாம் வெள்ளை. இரண்டு பேரும் அவரைக் கண்டதும் வாயை மூடி, வழிவிட்டு, பிறகு ஒரே நேரத்தில் மீண்டும் வாயைத் திறந்தார்கள்.

“மனே, நீயே சொல்லு, நீ தூக்கச்செல்ல…”

“தக்ஷா, இடப்பக்கம் எப்பிடி இருந்த, அந்த முதல் இழுவையில…”

அக்கா தகப்பனைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். கதிரையில் கிடந்த தன் பையை எடுத்து வலது தோளில் போட்டார். ஒரு கணம் யோசித்து, இடது தோளுக்கு மாற்றினார். இரண்டு பேருக்கும் நடுவால் நடந்து, பின்வரிசையில் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்த தாயின் கையிலிருந்து ஒரு கோழித் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, மண்டபத்தின் பெரிய கதவால் வெளியே போனார்.